செல்போன் பள்ளிக்கூடம் பிள்ளைக்கு ஒத்து வருமா?

பஸ் வேண்டாம். யூனிபாரம் வேண்டாம். டொனேஷன் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்தபடியே படிப்பு!

இப்படி ஆசை காட்டி செல்போனில் விளம்பரம் வருகிறது. கேட்கக் காது குளிரத்தான் செய்யும். ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன்பு எருமப்பட்டி பெற்றோர்கள் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஆன்லைன் படிப்பு புதுச்சரக்கு அல்ல. கொரோனா காலத்தில் பட்டுத் தெரிந்த சரக்குதான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பெரிய வகுப்புகள் 2021 ஜனவரியில் திறந்து, மறுபடி மூடி, செப்டம்பரில் திறந்தன. 1 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ந்தேதிதான். 19 மாதம்!

ஆலமரத்தில் வகுப்பு

அந்த 19 மாதம் நாமக்கல் மாவட்டத்தில் என்ன நடந்தது?

பச்சுடையாம்பட்டி ஊராட்சியில் உள்ள மலையோரக் கிராமங்களில் சிக்னல் கிடையாது. பிள்ளைகள் ஆலமரத்தின் மேல் ஏறி, கிளையில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். 2021-ல் அந்தப் படம் பத்திரிகைகளில் வந்து நாடே பார்த்தது. கை வழுக்கினால் என்ன கதி? மார்க் வாங்கப் போன பிள்ளை மாவுக்கட்டோடுதான் திரும்பும்.

எருமப்பட்டி சமவெளி. இங்கே சிக்னல் உண்டு. ஆனால் போன்?

இது லாரி ஊர். கோழிப்பண்ணை ஊர். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் அப்பா கையில் இருக்கும். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு குஜராத் போனால் போனும் குஜராத் போய்விடும். அம்மா விடியற்காலையில் பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போவார். வீட்டில் பாட்டி. பையன் வகுப்பில் இருக்கிறானா, கேம் ஆடுகிறானா என்று பாட்டிக்கு எப்படித் தெரியும்? போனை நிமிர்த்திப் பிடித்திருந்தால் படிக்கிறான் என்றுதான் நினைத்துக் கொள்வார்.

விளைவு என்ன? ‘ஏசர்’ என்று ஓர் ஆய்வு. வீடு வீடாகப் போய் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 3-ம் வகுப்புப் பிள்ளைகளில் 2-ம் வகுப்புப் பாடத்தைத் தட்டாமல் படித்தவர்கள் 2018-ல் 100-க்கு 10 பேர். அதுவே கேவலம். 2022-ல் அது 5 பேராகக் குறைந்தது!

அரசும் சும்மா இருக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தியது. போதவில்லை. கடைசியில் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தொடங்கி, தெருத் தெருவாகத் தன்னார்வலர்களை உட்கார வைத்து, சாயங்கால நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டி வந்தது. போன் செய்யாத வேலையை ஆள் வந்துதான் செய்தது.

முட்டை யார் தருவார்?

அந்த நெருக்கடியிலேயே மத்திய அரசு ஒரு கணக்குச் சொன்னது. 2020 ஜூலையில் வந்த விதி அது. 8-ம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு வகுப்புக்கு மேல் கூடாது. ஒரு வகுப்பு 30 நிமிடம் முதல் 45 நிமிடம். 9 முதல் 12 வரை நாலு வகுப்பு. வேறு வழியே இல்லாத காலத்தில் இவ்வளவுதான் தாங்கும் என்றால், வழி இருக்கிற காலத்தில் சின்னப் பிள்ளையை நாளெல்லாம் திரை முன்னால் உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு சங்கதி. அரசு தொடக்கப்பள்ளியில் இப்போது காலைச் சாப்பாடும் உண்டு. மத்தியானம் சத்துணவு, வாரம் 5 நாள் முட்டை. நாமக்கல் முட்டைதான்! செல்போன் பள்ளிக்கூடத்தில் முட்டை கிடையாது.

ஆக, 5-ம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இது ஒத்து வராது. இதில் வழவழா பேச்சுக்கு இடமில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது என்றும் சொல்ல முடியாது. நீண்ட நாள் நோயில் படுத்திருக்கும் பிள்ளை, வெளியூர்ப் போட்டி என்று அலையும் விளையாட்டுக்காரப் பிள்ளை, பள்ளியில் சக பிள்ளைகளின் கேலிக்குப் பயந்து சுருண்டுபோன பிள்ளை. இவர்களுக்கு இது கைகொடுக்கலாம். நடக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வீட்டுக்கே ஆசிரியர் வரும் ஏற்பாடு அரசுத் திட்டத்திலேயே உண்டு. அதை முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

9-ம் வகுப்புக்கு மேல் என்றால் ஒரு சோதனை போதும். மே மாத லீவில் 15 நாள், தினம் ஒரு மணி நேரம், யாரும் மிரட்டாமல் தானாக உட்கார்ந்து படித்து, படித்ததைத் திருப்பிச் சொல்கிறானா? சொன்னால் மேலே யோசிக்கலாம். பகலில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் விட்டுவிடுவது நல்லது.

பணம் ஜாக்கிரதை

பைஜூஸ் கம்பெனி கதை தெரிந்ததுதான். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்றார்கள். பெற்றோரைக் கடனில் மாட்டி பாடத்தை விற்கிறார்கள் என்ற புகாரில், அந்த ஆண்டு டிசம்பரில் தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் அதன் தலைவருக்கு சம்மன் அனுப்பியது. 2024-ல் கம்பெனி திவால் வழக்கில் நின்றது. அவ்வளவு பெரிய கடைக்கே இந்தக் கதி. பேர் தெரியாத கடைக்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டலாமா? மாதாமாதம் கட்டுவதுதான் புத்தி. ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றினால் உடனே 1930-க்குப் போன் போட வேண்டும்.

சர்டிபிகேட் யார் தருகிறார்கள் என்பதும் முக்கியம். ஆன்லைன் பள்ளி பாடம் நடத்தலாம். பரீட்சை நடத்தி சான்றிதழ் தருவது போர்டுதான். பல கம்பெனிகள் தேசிய திறந்தநிலைப் பள்ளியைக் கைகாட்டும். அதில் 10-ம் வகுப்பு எழுத 14 வயது ஆக வேண்டும். தமிழிலும் எழுதலாம். அந்தச் சான்றிதழ் மாநில அரசு வேலைக்கும், சேரப்போகும் காலேஜுக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே டி.சி.க்குக் கை நீட்ட வேண்டும்.

சேர்த்த பிறகு சரிப்படவில்லை என்றால்? 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை அரசுப் பள்ளி மறுபடி சேர்த்தே ஆக வேண்டும். வயதுக்கு ஏற்ற வகுப்பில்! டி.சி. வரத் தாமதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே அப்படித்தான் சொல்கிறது.