ஒற்றைக் கண்ணோடு ஓடும் ஊர்தி



இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக இராமேசுவரம் செல்லும் சாலையில், இருள் கவிந்தபின் எதிரே ஒற்றை விளக்கைக் காண்போர் அதனை இருசக்கர வண்டி என்றே எண்ணுவர். முகப்பு விளக்கொன்று அணைந்த காராக அது இருந்தால்? அணைந்தது வலப்புற விளக்கானால் ஆபத்து இன்னும் பெரிது. நாம் இடப்புறமாகச் செல்பவர்களாதலால், எதிரே வருபவரை நெருங்கிக் கடப்பது காரின் வலப்பாதியே. 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் சட்டென்று ஒதுங்கிக்கொள்ள மண்ணோரமும் கிடையாது. ஆகவே, "காலையில் பார்த்துக்கொள்வோம்" என்று இவ்வேலையைத் தள்ளிவைத்தல் தகாது.

பல கார்களில் உள்ளது எச்4 எனப்படும் ஹாலஜன் பல்பு. 12 வோல்ட், 60/55 வாட். அருகொளிக்கும் தொலையொளிக்கும் தனித்தனி இழைகள் அதனுள் உண்டு. எஞ்சினையும் விளக்கையும் அணைத்து, பல்பு நன்கு ஆறும்வரை பொறுத்திருங்கள். பின்னர் எஞ்சின் மூடியைத் திறந்து, விளக்கின் பின்னுள்ள மூன்றுமுனைப் பிளக்கை நேராக இழுத்து, ரப்பர் உறையை நீக்கி, கம்பிக் கொக்கியை விடுவித்தால் பல்பு கைக்கு வந்துவிடும். புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறி, பல்பு விரைவில் கெடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தோய்த்த தூய துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

நம் கரையோரத்திற்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று அரித்தது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில்கள் நின்றன. அக்காற்றுக்குப் பிளக்கின் மெல்லிய தகடுகள் எம்மாத்திரம்? ஆதலால், பழைய பல்பின் இழை அறாமலிருந்தால் பல்பின்மேல் பழி போடாதீர்கள். ஃபியூஸைப் பாருங்கள், பிளக்கில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, வண்டியின் உடலோடு இணையும் எர்த் கம்பி துருவேறியிருக்கிறதா என ஆராயுங்கள். மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தாலே பலமுறை ஒளி திரும்பிவிடும். கழற்றிய ரப்பர் உறையை மறவாமல் மாட்டுங்கள்; உப்பீரம் உட்புகாமல் காப்பது அதுவே.

கூடுதல் ஒளி வேண்டி 100/90 வாட் பல்பை மாட்டுவோர் உளர். அதனால் கம்பிகள் சூடேறிப் பிளக் உருகக்கூடும். எதிரே வருபவரின் கண்ணும் கூசும். எல்.இ.டி. விளக்குள்ள புதிய வண்டிகளையோ மெக்கானிக்கிடம் விடுவதே நன்று.

மாலையில் புறப்படுமுன் வண்டியைச் சுவரெதிரே நிறுத்தி, இரு ஒளிவட்டங்களும் சமமாக விழுகின்றனவா என்று பாருங்கள். விடியுமுன்னே மீன்கூடையோடு சாலையோரம் நடக்கும் பெண்களுக்கு, நம் வண்டியின் அகலத்தை அறிவிப்பவை அவ்விரு விளக்குகளே.