வினாவின் பயன்

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தபோதும் அங்கு வாழ்வோரின் முயற்சி பொய்த்ததில்லை. 1920-களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அங்கே தழைத்தன. பள்ளி இறுதித் தேர்வுத் தேர்ச்சியிலும் அம்மாவட்டம் பன்முறை மாநிலத்தில் முதலிடம் பெற்றது. இவை போற்றத்தக்கன. ஆயினும், தொழிலுக்கும் தேர்வுக்கும் உதவாத கல்வி வீண் என்று எண்ணுவோர் எங்கும் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்குக் கணித வரலாறே சான்று.

ஒரு நேர்கோட்டிற்கு வெளியே உள்ள புள்ளி வழியாக, அதற்கு இணையாக ஒரு கோடு மட்டுமே வரையலாம் என்பது யூக்ளிடு வடிவியலின் அடிப்படைகளுள் ஒன்று. ஏனைய அடிப்படைகளைக் கொண்டு இதனை நிறுவ, அறிஞர் இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்று தோற்றனர். 1829-இல் உருசியாவின் லொபாச்செவ்ஸ்கியும், 1832-இல் அங்கேரியின் போயாயும், பல இணைகோடுகள் உள்ள புதிய வடிவியலை வெளியிட்டனர். அதில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறையும். அந்நாளில் அதனால் ஒரு காசும் பயனில்லை.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் புவான்காரே ஒருவகைச் சார்புகளை ஆராய்ந்தார். சுழற்றி வைத்தாலும் கோலம் தன்னோடு பொருந்துவதுபோல, சில உருமாற்றங்களுக்கு உட்பட்டும் தம் அமைப்புக் குலையாதவை அவை. பயணத்தின்போது வண்டியில் ஏறக் கால் வைத்த கணத்தில், அவ்வுருமாற்றங்கள் அப்புதிய வடிவியலுக்கு உரியவையே என்பது அவருக்கு விளங்கிற்று. ஆட்டோமார்ஃபிக் வடிவங்கள் என்னும் ஆராய்ச்சித் துறை இவ்வாறு வேரூன்றியது.

கல்லூரித் தேர்வில் தேறாத கும்பகோணத்து இராமானுஜன், 1916-இல் 'டௌ' சார்பு பற்றி வெளியிட்ட ஊகமும் இத்துறையைச் சார்ந்ததே. அதனை 1974-இல் பெல்ஜிய அறிஞர் டெலின்யே நிறுவி முடித்தார். தேர்வுத்தாள் அளக்க இயலாத அறிவை உலகம் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் தொடர்ந்து சென்றது!

பசித்த பிள்ளைக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்பர் சிலர். பசி முதலில் தீர வேண்டுவதே. விருதுநகரில் பிறந்த காமராசர் பள்ளிகளில் மதிய உணவு அளித்ததும் அதற்காகவே. ஆனால், பசி தீர்ந்த பிள்ளையின் அறிவுக்கு எல்லை வகுப்பது முறையன்று. பட்டாசுத் திரியில் வைத்த தீ நொடியில் ஒளிரும். நல்ல வினாவோ நூறாண்டு கனன்றபின்னும் ஒளி தரும். 'இதனால் என்ன பயன்?' என்று கேட்கும் முன், 'இஃது ஏன் இவ்வாறு?' என்று கேட்க மாணவர் பழகுதல் வேண்டும். அவ்வினாவை அடக்காது வளர்ப்பது பெற்றோர், ஆசிரியர், அரசு ஆகிய மூவரின் கடமையாகும்.