விளக்கு யார் சொல் கேட்க வேண்டும்?

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அடுத்த மாதமே அமெரிக்காவில் வேறுவகைத் தொல்லை: இன்ஸ்டியோன் என்ற நிறுவனம் தன் வழங்கிகளை முன்னறிவிப்பின்றி நிறுத்தியது. மின்சாரம் இருந்தும், அதன் திறன் விளக்குகள் கைபேசிக்குக் கீழ்ப்படிய மறுத்தன.

பாண்டிருப்புக்கு வேண்டிய திறன் விளக்கு எது? இணையம் அறுந்தாலும் சுவரிலுள்ள ஆளிக்குப் பணிய வேண்டும். மின்சாரம் நின்றால் மின்கலத்தில் எரிய வேண்டும். கடலோர உப்புக்காற்றைத் தாங்க வேண்டும். தமிழில் சொன்னால் கேட்க வேண்டும்.

இக்கரையை அறிந்தவரே இதனை நன்கு வடிவமைப்பர். இதே அம்பாறைக் கரையில், ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. மின்சுற்றும் மென்பொருளும் கற்கும் நம் பிள்ளைகள், பிறர் செய்த விளக்கைப் பொருத்துவதோடு நின்றுவிடலாகாது என்பதே என் கட்சி.