கோடிங் பழகலாம்: பெயர் மட்டும் போதாது, பாதையும் வேண்டும்

பள்ளியில் பிள்ளைக்குத் திடீர்க் காய்ச்சல். அம்மாவுக்குப் போன் போட்டால் பழைய எண். 'போன மாதமே மாற்றச் சொன்னேனே' என்பார் அவர். மாற்றியும் இருப்பார்கள், ஆனால் இடம் தவறியிருக்கும். எப்படி?

பைத்தானில் ஒரு மாணவரின் பதிவை டிக்ஷனரியாக வைப்போம். அதில் பெயர், வகுப்பு, 'வேன் ஓட்டுநர்', 'பெற்றோர்' ஆகியவை இருக்கும். 'பெற்றோர்' என்பது ஒரு லிஸ்ட். அதற்குள் அம்மாவுக்கு ஒரு டிக்ஷனரி, அப்பாவுக்கு ஒன்று. ஓட்டுநருக்கும் தனி டிக்ஷனரி. மூவருக்கும் 'போன்' உண்டு. ஆக, ஒரே பதிவில் மூன்று 'போன்'!

இப்படி அடுக்கடுக்காக இருக்கும் தகவலில் தேட ஒரு ஃபங்ஷன் எழுதுவோம். அது ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். உள்ளே இன்னொரு டிக்ஷனரியோ லிஸ்ட்டோ இருந்தால், தன்னைத்தானே மறுபடி அழைத்து அதற்குள்ளும் போகும். இதுதான் ரிகர்ஷன்.

முதல் 'போன்' கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். அது ஓட்டுநருடையதாக இருக்கலாம். கிடைப்பவை எல்லாவற்றையும் பாதையோடு சேகரியுங்கள். 'பெற்றோர், 0, போன்' என்பது ஒரு பாதை. லிஸ்ட்டில் எண்ணிக்கை 0-வில் தொடங்கும் என்பதால் 0 என்றால் முதல் ஆள். அவர் அம்மாதான் என்று நம்பிவிடாமல், 'உறவு' என்ற இடத்தில் 'அம்மா' என்று இருக்கிறதா எனப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, மாற்றுவது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 'போன்' என்பதற்குப் பதில் 'ஃபோன்' என்று தட்டிவிட்டால்? சதுர அடைப்புக்குறி போட்டுப் படிக்கும்போது, 'கீ எரர்' என்று பைத்தான் நிறுத்திவிடும். எழுதும்போதோ சத்தமே வராது. 'ஃபோன்' என்று புதிதாக ஓர் இடத்தை உருவாக்கி, புது எண்ணை அதில் வைத்துவிடும். 'போன்' பழைய எண்ணோடு அப்படியே இருக்கும்.

எனவே, முதலில் படியுங்கள், பிறகு எழுதுங்கள். படிக்க 'கெட்' வேண்டாம்; பெயர் தவறினால் அது எரர் காட்டாமல் 'நன்' என்ற வெற்று மதிப்பைத் தந்துவிட்டுப் போய்விடும். சதுர அடைப்புக்குறியில் படித்து, பழைய எண் வருகிறதா என்று பார்த்த பிறகே புதியதை எழுதுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் குடும்பத்தையே ஒரு டிக்ஷனரியாக எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் 'பிறந்த ஊர்' சேருங்கள். பாட்டியின் ஊரை மட்டும் மாற்றுங்கள். மற்றவர்களின் ஊர் மாறாமல் இருந்தால், நீங்கள் பாஸ்!