பூசணிக்காய் எங்கே?

ஓசூரிலே கடிகாரம் செய்கிறார்கள். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984 இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம், நொடி பிசகாது காலங்காட்டும் கருவிகளை அங்கிருந்து ஊரெங்கும் அனுப்புகிறது. அக்கருவியை மணிக்கட்டிலே கட்டிக் கொண்ட நம் படித்த பெருமகன், புதுக்கடை திறக்குமுன் அதனை உற்றுப் பார்க்கிறான். எதற்கு? இராகு காலம் தொலைந்ததா என்று அறிய!

திங்களன்று ஏழரை முதல் ஒன்பது. செவ்வாயன்று மூன்று முதல் நாலரை. பகலை எட்டாக வகுத்து, அதில் ஒரு கூறு ஆகாது என்றனர். ஆகாத அந்த ஒன்றரை மணி நேரத்தில் சிப்காட் தொழிற்பேட்டையின் எந்திரங்கள் ஓய்ந்ததுண்டா? இராகு காலத்தில் முடுக்கிய திருகாணி கழன்று வீழ்ந்ததா? இராகு காலத்தில் இணைத்த வண்டி ஓட மறுத்ததா? கதிரவனை மறைப்பது திங்கள், திங்களை மறைப்பது நிலவுலகின் நிழல் என்று ஆரியபட்டர் எழுதி ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கடந்தன. பாம்போ இன்னும் பஞ்சாங்கத்தை விட்டு இறங்கக் காணோம்!

"நம்பிக்கை வேறு, அறிவு வேறு. இரண்டும் தத்தம் எல்லையில் இருக்கட்டுமே, உங்களுக்கென்ன நட்டம்?" என்று நடுநிலையாளர் கேட்பர். எல்லையில் இருந்தால் நாம் ஏன் வம்புக்குப் போகிறோம்! எல்லை தாண்டியது யார் என்பதற்கு, ஓசூருக்கு அடுத்த பெங்களூரிலேயே சான்று உண்டு.

எச். நரசிம்மய்யா காந்தியார் நெறியினர். விடுதலைப் போரிலே சிறை சென்றவர். அமெரிக்காவில் இயற்பியல் பயின்று முனைவரானவர். பெங்களூர்ப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1976 இல், அற்புதங்களையும் ஆய்வுக்கு உட்படும் மூடநம்பிக்கைகளையும் சோதிக்க ஒரு குழு அமைத்தார். வெறுங்கையில் திருநீறும் மோதிரமும் வரவழைப்பதாகப் புகழ் பெற்றிருந்த சத்திய சாயி பாபாவுக்கு மடல் எழுதினார், ஒன்றன்று, மூன்று! தக்க கண்காணிப்பில் செய்து காட்டுங்கள் என்றார். கைக்குள் அடங்கும் பொருள் எதற்கு, ஒரு பூசணிக்காய் வரவழைக்கலாமே என்றும் கேட்டார்.

சோதனை நடக்கவேயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நம் மக்கள் பழமொழி கூறுவர். அங்கியின் கையில் மறைக்க இயலாது போலும்!

மோதிரம் வந்தது என்பது உள்ளத்து உணர்வா? பொருளைப் பற்றிய செய்தி. பொருளைப் பற்றிப் பேசியவுடன், நிறுத்துப் பார்க்கவும் அளந்து பார்க்கவும் அறிவியலுக்கு உரிமை வந்துவிடுகிறது. அவ்வுரிமையைக் கேட்டால் மட்டும் "புண்படுகிறது" என்கிறார்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் கடமை என்று அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டதும் அதே 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அக்கடமையைச் செய்த குழுவோ மறு ஆண்டே கலைக்கப்பட்டது.

ஓசூருக்கு மீள்வோம். ஆயுத பூசையன்று பட்டறைதோறும் பூசணிக்காய் உடைகிறது. எந்திரத்தைத் துடைத்துப் பொட்டிட்டு, பொரியும் கடலையும் பகிர்ந்து, தொழிலாளத் தோழன் ஒரு நாள் களிப்பதை நாம் குறை கூறோம்; அவனுக்கு அப்படி எத்தனை நாள் கிடைக்கிறது? ஆனால் தகடு வெட்டும் அழுத்தப் பொறியில் அவன் விரல் துண்டானால், "கண்ணேறு பட்டது, சென்ற முறை சரியாகச் சுற்றிப் போடவில்லை" என்று பேச்சு எழுகிறதே, அங்கேதான் குறுக்கிடுகிறோம். பொறிக்குக் காப்புத் தடுப்பு இருந்ததா? இரவு முழுதும் கண் விழித்தவனை மீண்டும் பகலிலும் நிறுத்தினார்களா? இக்கேள்விகள் கேட்கப்படாமல் போவதால் யாருக்கு ஆதாயம்? பூசணிக்காயின் விலை சொற்பம். தடுப்பின் விலை அதிகம். கணக்கு முதலாளிக்குத் தெரியும். தொழிலாளிக்குத்தான் தெரியவிடவில்லை.

மகாராட்டிரத்தில் நரேந்திர தபோல்கர் 2013 ஆகத்து 20 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆண்டுக்கணக்கில் கேட்டும் கிடைக்காத மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம், அவர் மறைந்த பின்னரே வந்தது. கருநாடகம் 2017 இல் தன் சட்டத்தை நிறைவேற்றியது. ஓசூரைத் தாண்டி, அத்திப்பள்ளி வளைவுக்கு அப்பால் அது செல்லும். தன்மான இயக்கம் 1925 இலேயே தோன்றிய நாடு இது. இத்தகைய சட்டத்தில் முதலிடம் நமக்கன்றோ வாய்த்திருக்க வேண்டும்? ஏன் வாய்க்கவில்லை என்று, வாக்குக் கேட்டு வருவோரை ஓசூர் இளைஞர்கள் கேட்கட்டும். இராகு காலத்தில் கேட்டாலும் சரியே.