ஸ்டட்டிக் எண்டு எழுத ஏன் பஞ்சி?

ஜாவா படிக்கிற ஆக்களிட்ட "ஸ்டட்டிக் நெஸ்டட் கிளாஸ் எண்டால் என்ன?" எண்டு கேட்டுப் பாருங்கோ. வரைவிலக்கணம் உடனே வரும். ஒரு கிளாஸுக்குள்ள இன்னொரு கிளாஸ், முன்னால ஸ்டட்டிக் என்ற சொல். சரி, அதை எப்ப போடவேணும் எண்டு கேட்டால் சத்தமில்லை.

கலைப்பீடத்தில இருக்கிற உனக்கேன் இந்த வேலை எண்டு கேட்கலாம். ஒரு சொல் இருந்தாலும் இல்லாட்டிலும் அர்த்தம் எப்படி மாறுது எண்டு பாக்கிறதுதானே எங்கட பாடம்.

கம்பஸ் பிள்ளைகளுக்கு அனெக்ஸைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரே வளவு, ஒரே விலாசம், ஆனால் தனி வாசல். வீட்டுக்குள்ள அறை எடுத்தால் வீட்டுக்காரரின் வாசலாலதான் போய்வர வேணும். ஸ்டட்டிக் நெஸ்டட் கிளாஸ் அனெக்ஸ் மாதிரி. வெளிக் கிளாஸின் பெயருக்குள் இருக்கும், ஆனால் வெளிக் கிளாஸின் ஒப்ஜெக்ட் ஒன்றுகூட இல்லாமலே அதை உருவாக்கலாம். ஸ்டட்டிக் இல்லாத இனர் கிளாஸ் அந்த அறை மாதிரி. அதன் ஒவ்வொரு ஒப்ஜெக்டும் வெளி ஒப்ஜெக்டைக் காட்டும் ஒரு சுட்டியைச் சுமக்கும். அதை நீங்கள் எழுதுவதில்லை, கொம்பைலர் சேர்த்துவிடும்.

சின்ன விசயமா? ஜாவாவின் லிங்க்ட்லிஸ்ட்டுக்குள் இருக்கும் நோட் ஒரு ஸ்டட்டிக் நெஸ்டட் கிளாஸ். வழமையான 64 பிட் ஜாவாவில் ஒரு நோட் 24 பைட். அந்தச் சுட்டியும் ஏறினால் 32. பத்து லட்சம் நோட்டுக்கு 8 மெகாபைட் சும்மா போகும். இதைவிட மோசமானது, உள்ளே இருக்கும் சின்ன ஒப்ஜெக்ட் உயிரோடு இருக்கும்வரை வெளியே இருக்கும் பெரிய ஒப்ஜெக்டும் நினைவகத்தை விட்டுப் போகாது. அன்ட்ரொயிட்டில் மூடிய திரைகள் நினைவகத்தில் தேங்கி நிற்பதற்கு இது பேர்போன காரணம்.

ஜோசுவா புளொக் 2001இல் வந்த 'எஃபெக்டிவ் ஜாவா' புத்தகத்திலேயே ஸ்டட்டிக்கை விரும்பச் சொல்லிவிட்டார். கொட்லினில் சும்மா எழுதினால் பிணைப்பு இல்லை, வேணுமெண்டால் 'இனர்' எண்டு எழுதிக் கேட்கவேணும். அதுதான் நியாயம். ஜாவாவில் 1997 தொடக்கம் தலைகீழ்: சுமை தானா வரும், வேண்டாமெண்டால்தான் சொல்லவேணும்.

ஜாவா 18 தொடக்கம் பயன்படாத சுட்டியைப் பெரும்பாலும் கொம்பைலரே விட்டுவிடுது, பிறகென்ன எண்டு சிலர் சொல்லுவினம். கோட் கொம்பைலருக்கு மட்டும் எழுதிறதில்லையே. ஸ்டட்டிக் எண்டு கண்டவுடனே வாசிக்கிற ஆளுக்கு இது வெளி ஒப்ஜெக்டில தங்கி நிக்கேல்லை எண்டு விளங்கும். அந்த உறுதியைக் கொம்பைலர் ரகசியமாகச் செய்கிற திருத்தம் தராது.

எல்லா இடத்திலும் ஸ்டட்டிக்தான் எண்டு சொல்லவரவில்லை. அரேலிஸ்ட்டின் இட்டரேட்டர் அந்த லிஸ்ட்டையே பார்த்துப் பார்த்து நகரவேணும். அதற்கு இனர் கிளாஸ்தான் பொருத்தம்.

ஆகவே முதல்ல ஸ்டட்டிக் போட்டு எழுதுங்கோ. கொம்பைலர் பிழை காட்டினால், உண்மையிலேயே வெளி ஒப்ஜெக்ட் தேவையா எண்டு யோசியுங்கோ. தேவையெண்டால் எடுங்கோ. படிப்பிக்கிற ஆக்களிட்டயும் ஒரு வேண்டுகோள்: வரைவிலக்கணம் கேட்கிறதை விட்டுட்டு, ஒரு கோட்டைத் தந்து "இதில ஸ்டட்டிக் வேணுமா, ஏன்?" எண்டு கேளுங்கோ. அந்த 'ஏன்' ஐ பாடமாக்க ஏலாது.