மறைக்க ஒன்றுமில்லையா? அப்படியானால் நீங்கள்தான் வேண்டும்!

"மறைக்க எங்கிட்ட ஒண்ணுமில்லை, எனக்கெதுக்கு டோர் உலாவி?" என்று கேட்கும் நண்பர்களே, சண்டை உங்களோடுதான்.

டோரின் அடிப்படை 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. கடற்படை மட்டும் பயன்படுத்தினால், அதன் வழியே வருகிறவரெல்லாம் கடற்படைக்காரர் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடுமே! அதனால்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

2013 டிசம்பரில் ஹார்வர்டு மாணவர் ஒருவர் டோர் வழியே வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டோர் பயன்படுத்தியது யார் என்று பார்த்தார்கள், ஆள் சிக்கினார்.

அவர் சிக்கியது நல்லதுதான். ஆனால் ஊழலை வெளியே சொல்லும் ஊழியரும் இப்படியே சிக்குவார். வெறிச்சோடிய தெருவில் முகமூடியே அடையாளம். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கவாவது டோரைத் திறங்கள். அவர் ஒளிய வேண்டிய கூட்டம் நீங்கள்தான்!